ஸ்கேனர் வாங்கும் முன் பதிவேட்டை வரையுங்கள்

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையில் அறுபது வருடமாகச் சேர்ந்த பழைய இதழ்கள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள், புகைப்படங்கள், கடிதக் கட்டுகள் இருக்கின்றன. நன்கொடையாக ஒரு ஸ்கேனர் வரப்போகிறது. எந்த வகைப்பாட்டின்படி பிரிப்பது? எக்செல் பட்டியல் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். ஸ்கேனர் சில மாதம் காத்திருக்கட்டும். ஒரு பொருளைப் பற்றி எதையெல்லாம் எழுத இடம் விடுகிறீர்களோ அதுதான் ஐம்பது வருடம் கழித்துத் தேடி வருபவர் கைக்குக் கிடைக்கும். இடம் விடாத விவரம் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் யார் கண்ணிலும் படாது. ஆவணத் தொகுப்பில் வடிவமைப்பு என்பது இதைத்தான். வலைத்தளத்தின் நிறமும் முகப்பும் எல்லாம் முடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. 1867ஆம் ஆண்டு வந்த அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டம், அச்சாகும் புத்தகம், தாள் எதுவானாலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் அதில் இருக்க வேண்டும் என்றது. அரசு ஒரு புத்தகப் பட்டியல் வைத்துக்கொண்டு காலாண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பட்டியலின் கட்டங்களையும் சட்டமே வரையறுத்தது: தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சிட்டவர், வெளியான நாள், பக்கம், அளவு, எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, விலை. அரசுக்கு வேண்டியிருந்தது கண்காணிப்பு. ஆனால் "எத்தனை பிரதி" என்று ஒரு கட்டம் இருந்த காரணத்தால், 19ஆம் நூற்றாண்டில் ஒரு குஜிலிப் பாட்டுப் புத்தகம் (தெருவில் விற்ற மலிவுப் பதிப்பு) எத்தனை படி அச்சானது என்று இன்று ஆய்வாளர் சொல்ல முடிகிறது. அதே சட்டத்தில் "புத்தகம்" என்ற சொல்லுக்குள் சிறு பிரசுரம் வந்தது, தனியாக அச்சிட்ட வரைபடமும் இசைத்தாளும்கூட வந்தன. ஒற்றைத் தாள் நோட்டீசு வரவில்லை. அதனால் அது பட்டியலிலும் ஏறவில்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா போன்ற தனிமனிதர்கள் நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் சேர்த்துவைத்ததால்தான் அந்த உலகத்தின் ஒரு பகுதியாவது பிழைத்தது. அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் தொடங்கியது. உங்கள் வாசகசாலையில் இருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். பெரிய நூலகங்கள் எடுத்து வைக்காத தாள்கள் இவை. ஆகவே நூலகப் படிவத்தை அப்படியே நகலெடுத்தால் உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் எண். அகநானூற்றைத் தொகுத்தவர்கள் எண்ணை வைத்து ஓர் அருமையான ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒற்றைப்படை எண்ணுள்ள பாட்டெல்லாம் பாலை. 2, 8 என்று முடிந்தால் குறிஞ்சி. 4 என்றால் முல்லை, 6 என்றால் மருதம், 10, 20 என்று வந்தால் நெய்தல். எண்ணைச் சொன்னாலே திணை தெரியும். ஓர் ஏடு இடம் மாறிப்போனாலும் வரிசை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அந்தாதியும் இதே வேலையைச் செய்கிறது. கயிறு அறுந்து சுவடி சிதறினால், ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாக இருப்பதால் திரும்பக் கோத்துவிடலாம்.

இதைப் பார்த்துவிட்டு நீங்களும் எண்ணுக்குள் பொருளைப் புகுத்த ஆசைப்படுவீர்கள். "நா-57-தஞ்சை-03" என்று எழுதினால் நாடகம், 1957, தஞ்சாவூர், மூன்றாவது என்று புரியுமே எனத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். அகநானூறு 400 பாட்டோடு மூடிய தொகை, இனி ஒரு பாட்டும் அதில் சேராது. உங்களுடையது திறந்த தொகுப்பு. அடுத்த வருடம் அந்த நோட்டீசு 1957 இல்லை, 1954 என்று தெரியவரும். அப்போது எண்ணை மாற்றினால் அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லாரும் வழி தவறுவார்கள், மாற்றாவிட்டால் எண் பொய் சொல்லும். எனவே 000001இல் தொடங்கி வந்த வரிசையில் ஓடும் ஆறு இலக்க எண் மட்டும் போதும். அதற்கு எந்த அர்த்தமும் வேண்டாம். ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்தப் பொருள் தொலைந்துபோனாலும், இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. முன்னால் சுழியங்கள் அவசியம். இல்லாவிட்டால் கணினி 1, 10, 11, 2 என்று அடுக்கும்.

இருக்கும் இடத்தையும் எண்ணோடு கலக்காதீர்கள். "பெட்டி 14, உறை 3" என்பது இன்றைய முகவரி. மழையில் சுவர் ஊறிப் பெட்டியை நகர்த்தினால் முகவரி மாறும், ஆளின் பெயர் மாறாது. இரண்டும் தனித்தனிக் கட்டங்கள்.

எண் எதற்குக் கொடுப்பது என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு இதழ்களை ஒன்றாகத் தைத்த பைண்டு வால்யூம் ஒரு பொருளா, பன்னிரண்டா? இரண்டும்தான். வால்யூமுக்கு ஓர் எண், உள்ளே இருக்கும் ஒவ்வோர் இதழுக்கும் ஓர் எண், இதழின் பதிவில் "எதனுள் இருக்கிறது" என்ற கட்டத்தில் வால்யூமின் எண். இப்படி வைத்தால் நடுவில் மார்ச் இதழ் இல்லை என்பது உடனே தெரியும். பைண்டு செய்பவர்கள் அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டுத் தைப்பது வழக்கம். அதையும் "குறை" என்ற கட்டத்தில் எழுதுங்கள். எண்ணைத் தாளின் பின்புறம் இடது கீழ் மூலையில் 2பி பென்சிலால் மெல்ல எழுதினால் போதும். பால்பாயிண்ட் பேனா ஊறும், ரப்பர் ஸ்டாம்பு மறுபக்கம் தெரியும். வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுள்ள புகைப்படத் தாளில் பென்சில் பிடிக்காது, உறையின் மேல் எழுதுங்கள்.

அடுத்து வகைப்பாடு. நூலகங்கள் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயியின் பதின்ம வகைப்பாடு 1876இல் வந்தது. அதில் சமயத்துக்கு ஒதுக்கிய 200களில் 220 முதல் 289 வரை கிறித்தவத்துக்கே போய்விட்டது, உலகின் மற்றச் சமயங்கள் எல்லாம் 290களில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் இலக்கியம் 894.811 என்று புள்ளிக்குப் பின்னால் மூன்றாம் இலக்கத்தில்தான் தலைகாட்டும். தேவாரத்தைச் சமயத்தில் வைப்பதா, இலக்கியத்தில் வைப்பதா, இசையில் வைப்பதா? புத்தகம் ஒன்று, தட்டு ஒன்று, ஆகவே ஓரிடத்தில்தான் வைக்க முடியும். மரக்கிளை போல் பிரியும் எல்லா வகைப்பாட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு.

இதற்கு விடை கண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, பயிற்சிக்கு லண்டன் போனபோது, செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். சில பட்டைகளையும் திருகாணிகளையும் வைத்து எந்த உருவமும் கட்டலாம் என்றால், சில அடிப்படைத் துண்டுகளை வைத்து எந்த நூலின் பொருளையும் கட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வெளியான கோலன் வகைப்பாடு அதிலிருந்து வந்தது. துண்டுகளைச் சேர்க்கும் திருகாணியாக முக்காற்புள்ளியை வைத்தார், பெயரும் அதனால்தான். பிறகு அத்துண்டுகளை ஐந்து முகங்களாக வகுத்தார்: முதன்மையானது எது, எந்தப் பொருளால் ஆனது, அதில் நடக்கும் செயல் என்ன, எங்கே, எப்போது. இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று பக்கவாட்டில் தட்டித் தட்டிச் சுருக்குகிறோமே, அந்தத் தேடலுக்குள் இருப்பது இதே எண்ணம்தான்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது கட்டங்கள். கிளைகள் வேண்டாம். "நாடகம் → தஞ்சாவூர் → 1950கள்" என்று கோப்புறைக்குள் கோப்புறை போடாதீர்கள். நாடகம் என்பது ஒரு கட்டத்தில், தஞ்சாவூர் இன்னொன்றில், ஆண்டு வேறொன்றில் இருக்கட்டும். தேடுபவர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் வழி கிடைக்கும்.

தாள்களைப் பொருள்வாரியாகக் கையால் பிரிக்கவும் வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வமுள்ளவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடும் தவறு இது. கட்டையெல்லாம் பிரித்து, கடிதம் ஒரு குவியல், படம் ஒரு குவியல், நோட்டீசு ஒரு குவியல் என்று போட்டுவிடுவார்கள். ஒரு நாடகக்காரர் வீட்டிலிருந்து வந்த கட்டில் ஒரு நோட்டீசும், அந்த நாடகத்தின் வரவுசெலவுச் சீட்டும், மேக்கப்போடு எடுத்த படமும் சேர்ந்திருந்தால், அந்தச் சேர்க்கையே ஒரு செய்தி. படத்தில் இருப்பவர் யார் என்று அந்த நோட்டீசுதான் சொல்லும். பிரித்துவிட்டால் படம் அநாதை. ஓரிடத்திலிருந்து வந்ததை மற்றதோடு கலக்காதே, வந்த வரிசையைக் கலைக்காதே என்பது ஆவணக் காப்பாளர்களின் முதல் விதி. 1898இல் மூன்று டச்சுக் காப்பாளர்கள் எழுதிய கையேடு இதை முறையாக வகுத்துச் சொன்னது. கட்டைத் தொடும் முன் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் "யாரிடமிருந்து, எப்போது, எந்த நிலையில்" என்று எழுதுங்கள். புத்தகத்துக்குள் கடிதம் செருகியிருந்தால் எந்தப் பக்கத்தில் என்று குறித்துவிட்டு, எடுத்த இடத்தில் ஒரு சீட்டு வையுங்கள். பொருள்வாரி வரிசையைக் கணினி நொடியில் அடுக்கித் தரும். கலைந்த மூல வரிசையை எந்தக் கணினியாலும் திருப்பித் தர முடியாது.

இனிப் படிவம். ஒரு நாடக நோட்டீசைக் கையில் எடுத்துக்கொள்வோம். ரோஸ் நிறத் தாள், ஓரம் பொடிந்திருக்கிறது. மேலே "பிரபவ௵ தை௴ 12௳ புதன்கிழமை இரவு 9½ மணிக்கு" (௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி). நடுவில் நாடகத்தின் பெயர், நடிகர் பட்டியல். கீழே "நாற்காலி 1 ரூபாய், பெஞ்சு 8 அணா, தரை 4 அணா, ஸ்திரீகளுக்குத் தனி இடம்", "மின்சார விளக்கு அலங்காரம்". கடைசி வரியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர்.

"ஆசிரியர், தலைப்பு, ஆண்டு" என்று மூன்று கட்டம் மட்டும் இருந்தால் இதில் என்ன எழுதுவீர்கள்? ஆசிரியர் இல்லை. ஆண்டோ பிரபவ. அறுபது வருடத்துக்கு ஒருமுறை பிரபவ வரும்: 1867, 1927, 1987 சித்திரையில் தொடங்கியவை மூன்றும் பிரபவதான். அதிலும் தை, மாசி, பங்குனி ஆங்கிலக் கணக்கில் அடுத்த ஆண்டில் விழும். ஆக இந்த நோட்டீசு 1868, 1928, 1988 ஆகிய மூன்றில் ஒரு சனவரி. அணாவில் விலை இருப்பதால் 1988 போயிற்று. மின்சார விளக்கு இருப்பதால் 1868ம் போயிற்று. எஞ்சியது 1928 சனவரி. புதன்கிழமை என்று கிழமையும் அச்சாகியிருப்பதால் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

இந்த ஒரு தாளுக்கே காலத்துக்கு மூன்று கட்டங்கள் வேண்டும். முதலாவது, அச்சில் உள்ளபடி: "பிரபவ௵ தை௴ 12௳". இரண்டாவது, நாம் கணித்தது: 1928-01. மூன்றாவது, எதை வைத்துக் கணித்தோம்: அணா விலை, மின்விளக்கு. மூன்றாவதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அது இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யாராலும் அந்த 1928ஐச் சரிபார்க்க முடியாது, நம்பவும் முடியாது.

தேதியில்லாத தாள்களுக்கு உதவும் சில அடையாளங்கள்: அணா, பைசா மாறியது 1957 ஏப்ரல் 1 (பழக்கத்தில் அணா இன்னும் கொஞ்ச காலம் ஓடியது). "ந.பை." என்று நயா பைசாவில் விலை இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில். "சென்னை-4" என்று மட்டும் இருந்தால் அநேகமாக 1972க்கு முன், "சென்னை-600 004" என்றால் பின்கோடு வந்த 1972 ஆகஸ்டுக்குப் பின். மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 சனவரியில். இலங்கைத் தாள்களில் "சிறீ லங்கா" என்று நாட்டின் பெயர் வந்தால் 1972 மே மாதத்துக்குப் பின் என்று கொள்ளலாம். னை, ணை, லை, ளை ஆகியவை துதிக்கை போன்ற பழைய கொம்போடும், னா, ணா, றா பழைய சுழியோடும் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. ஆனால் பெரியார் இயக்க ஏடுகள் அதற்குப் பல பத்தாண்டு முன்பே புதிய வடிவத்தில் அச்சாயின, சிறு அச்சகங்கள் பழைய அச்சுகளை 1978க்குப் பிறகும் வைத்திருந்தன. எனவே எழுத்து வடிவத்தை மட்டும் நம்பி ஆண்டு எழுத வேண்டாம்.

நோட்டீசுக்கு ஆசிரியர் இல்லாததால் அச்சகத்தின் பெயர்தான் அதன் ஊரையும் காலத்தையும் பிடித்துத் தரும் கொக்கி. அச்சகம், ஊர், விலை, நடிகர்கள் ஒவ்வொன்றும் தனிக் கட்டம். நடிகர்களை ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடைக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு வரி கொடுங்கள், பெயரோடு அவருடைய பங்கும் வேண்டும்: நடிகர், ஆர்மோனியம், பஃபூன், காண்டிராக்டர். புகைப்படத்தில் "திருமதி" என்று கணவர் பெயரோடு மட்டும் குறித்திருக்கும் பெண்களுக்கு, அவர்களுடைய சொந்தப் பெயர் தெரியவரும் நாளில் எழுத இடம் வேண்டும். அந்த இடத்தை இப்போதே விட்டுவையுங்கள்.

பெயர் என்று வந்தால் வெளிநாட்டுப் படிவங்கள் நமக்கு உதவுவதில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டால் உ. வே. சாமிநாதையரை எப்படி நிரப்புவது? தலைப்பெழுத்தை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். இரண்டு கட்டங்கள் போதும்: அச்சில் உள்ளபடி, நாம் அடையாளம் கண்ட நிலைப்பெயர். புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம், சொ.வி., ரசமட்டம், வேளூர் வே. கந்தசாமிப்பிள்ளை எல்லாம் ஒருவரே. அச்சில் "ரசமட்டம்" என்று இருந்தால் அப்படியே எழுதி, நிலைப்பெயரில் "புதுமைப்பித்தன்" என்று போடுங்கள். ரசமட்டத்தைத் திருத்தி எழுதிவிட்டால், எந்த எழுத்துக்கு எந்த முகமூடியை அவர் போட்டார் என்ற செய்தியே அழிந்துபோகும். மறுபக்கம், "கல்கி" என்ற ஒரே சொல் எழுத்தாளரையும் குறிக்கும், 1941இல் தொடங்கிய வார இதழையும் குறிக்கும். ஆள், இதழ் என்று கட்டம் பிரிந்திருந்தால்தான் தேடல் குழம்பாது. தலைப்பெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி என்று ஒரு விதியைச் சுவரில் ஒட்டிவையுங்கள். "மு.வ", "மு. வ.", "மு வ" மூன்றும் கணினிக்கு மூன்று ஆட்கள்.

எக்செல் போதுமா என்று கேட்டீர்கள். சில ஆயிரம் உருப்படி வரை தாராளமாகப் போதும். ஆனால் தமிழில் தட்டும்போது இரண்டு இடத்தில் வழுக்கும்.

ஒன்று, அகரவரிசை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் பொதுமுறை யூனிகோடு. அதில் எழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அல்ல. ந-வுக்கு அடுத்தே ன வருகிறது, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ. கல், கவி, கழல், கள், கறி, கன்று என்பது அகராதி வரிசை. எழுத்தெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் கன்று, கறி, கல், கள், கழல், கவி என்று அடுக்கும். இந்த ஆறு சொற்களையும் கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் மென்பொருளுக்குத் தமிழ் வரிசை தெரியுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத எழுத்துப்பிழை. கௌரி என்பதில் ஔகாரக் குறி ஒரே குறியீடு. பலர் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டுக் கெளரி என்று தட்டுகிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடலில் ஒன்று கிடைத்தால் மற்றது கிடைக்காது. ஒகர ஓகாரக் குறிகளையும் ஒரே குறியீடாகவோ கொம்பும் காலுமாகப் பிரித்தோ சேமிக்க முடியும். யூனிகோடு இயல்பாக்கம் செய்யும் சிறு நிரல் இந்தப் பிரிவைச் சேர்த்துவிடும். ளகரப் பிழையை அது தொடாது. அதற்கு வார்த்தைப் பட்டியல் வைத்துத் தேடி மாற்ற வேண்டும். பழைய பாமினி, டாப், டிஸ்கி எழுத்துருவில் கிடைக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது மூலக் கோப்பையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இதெல்லாம் ஒரு நிலைக்கு வந்தபின் ஸ்கேனரைத் திறக்கலாம். அச்சுப் பக்கங்களுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பொடியெழுத்து நோட்டீசுக்கும் செய்தித்தாளுக்கும் 400, புகைப்படத்துக்கு 600. கறுப்புவெள்ளைத் தாளையும் வண்ணத்திலேயே எடுங்கள். தாளின் ரோஸ் நிறமும் பென்சில் குறிப்பும் ஸ்டாம்பு மையும் வண்ணத்தில்தான் தெரியும். ஏ4 பக்கம் 300 டிபிஐயில் 2480 × 3508 புள்ளி, சுருக்காத டிஃப் கோப்பாகச் சுமார் 26 எம்பி. பத்தாயிரம் பக்கம் என்றால் 260 ஜிபி, ஒரு சாதாரண வன்தட்டில் அடங்கிவிடும். மூலப்படி டிஃப் ஆகவே இருக்கட்டும். வாசகருக்குத் தருவதற்கு அதிலிருந்து ஜேபெக்கோ பிடிஎஃபோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

கோப்பின் பெயர் 000412-0007 போல எண் மட்டும்: 412ஆம் உருப்படி, ஏழாம் படம். தலைப்பைக் கோப்புப் பெயரில் எழுதினால், தலைப்பில் பிழை கண்டபோதெல்லாம் கோப்பின் பெயரை மாற்ற வேண்டியிருக்கும். ஏழாம் படம் ஏழாம் பக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். முன்னட்டை 0001, உள்ளட்டை 0002 என்று போகும். அச்சுப் பக்க எண்ணுக்குப் பதிவேட்டில் வேறு கட்டம். வெற்றுப் பக்கத்தையும், விளம்பரத்தையும், பின்னட்டையையும், புகைப்படத்தின் முதுகையும் விடாமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் "பெரியம்மா கல்யாணம்" என்ற கையெழுத்தும் முதுகில்தான் இருக்கும். ஓரத்தை ஒட்ட வெட்டாமல் நாலு பக்கமும் ஓர் அரை சென்டிமீட்டர் பின்னணி தெரியட்டும். தாள் முழுசாக இருந்ததா, கிழிந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி.

படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருளான எழுத்துணரியை ஓட்டினால் தேடல் எளிதாகும், ஆனால் அதன் விடையை மூலமாகக் கொள்ளாதீர்கள். துணைக்காலை ரகரமாகவும், ரகரத்தைத் துணைக்காலாகவும் படிக்கும். பழைய கொம்பையும் ௵, ௴, ௳ குறிகளையும் தடுமாறிப் படிக்கும். இரண்டு பத்தி இதழில் வரியைக் குறுக்கே ஒன்றாகச் சேர்த்துவிடும். பத்தி பிரிக்கும் அமைப்பை முதலில் சரிபார்த்து, இதழுக்கு இரண்டு பக்கம் கண்ணால் ஒப்பிடுங்கள்.

எல்லாக் கோப்புக்கும் மூன்று பிரதிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் போயின, வேறெங்கும் படி இல்லாத ஏட்டுச் சுவடிகளும் அவற்றில் உண்டு. படங்களோடு பதிவேட்டின் படியும் அந்த வேறு ஊரில் இருக்க வேண்டும். பதிவேடு இல்லாத பத்தாயிரம் எண்கோப்புகளை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் கணித்து வைத்து, வருடத்துக்கு ஒருமுறை திரும்பக் கணித்து ஒப்பிட்டால், சத்தமில்லாமல் கெட்டுப்போன கோப்பு பிடிபடும்.

பெட்டி விஷயம் சுருக்கமாக. ரப்பர் பேண்டு வெயிலில் உருகி ஒட்டும், ஸ்டேபிள் துருப்பிடிக்கும், செலோடேப் மஞ்சளாகித் தாளைத் தின்னும். மூன்றையும் விலக்கி, வெள்ளைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். அமிலமற்ற உறை கிடைக்காவிட்டால், கிடைக்கிற நல்ல தாளில் உறை செய்து சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெட்டி தரையிலிருந்து ஓரடி உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்கட்டும். ராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் தேடி வரும். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை.

இன்னும் ஒரு கட்டம் மீதி இருக்கிறது: யார் பார்க்கலாம். எழுதியவர் மறைந்து 60 வருடம் வரை இந்தியாவில் பதிப்புரிமை உண்டு, இலங்கையில் 70 வருடம். குடும்பக் கடிதங்களில் உயிரோடிருப்பவர்களின் நோயும் கடனும் சண்டையும் இருக்கும். கொடுத்தவரின் சம்மதம் என்ன, எதுவரை என்பதைப் பொருள் கைமாறும் அன்றே எழுதி வாங்குங்கள். பழைய நோட்டீசுகளில் சாதியைக் குறித்து இழிசொற்கள் வரும். அச்சில் உள்ளபடி என்ற கட்டத்தில் மாற்றாமல் எழுதுங்கள், உங்கள் விவரிப்புக் கட்டத்தில் அந்தச் சொல்லை நீங்கள் கையாளாதீர்கள். இரண்டும் வேறு வேறு குரல்கள் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும்.

படிவத்தை வரைந்ததும் 20 உருப்படிகளை எடுங்கள். ஐந்து நோட்டீசு, ஐந்து இதழ், ஐந்து படம், ஐந்து கடிதம். இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து அதே இருபதையும் நிரப்பச் சொல்லுங்கள். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் "தஞ்சை" என்றும் மற்றவர் "தஞ்சாவூர்" என்றும் எழுதியிருந்தால் ஒரு விதி வேண்டும். இருவரும் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் அந்தக் கட்டம் தேவையா என்று யோசியுங்கள். இருவரும் ஓரத்தில் ஏதோ கிறுக்கியிருந்தால் அங்கே ஒரு கட்டம் குறைகிறது. திருத்தி, வேறு 20 எடுத்து மறுபடியும் செய்யுங்கள். இரண்டு தாளும் ஏறக்குறைய ஒன்றுபோல் வந்த பிறகு 000001 என்று முதல் எண்ணை எழுதலாம்.